அப்பா கேட்ட ஆம்பள ஆள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் எனக்கு இரண்டு படிப்புகளில் இடம் கிடைத்தது. ஒன்று நர்ஸிங். மற்றொன்று சுவாச சிகிச்சை, அதாவது மூச்சு விட முடியாதவர்களுக்கு மெஷின் வைத்துப் பார்க்கும் படிப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் ஸ்ரீபெரும்புதூரில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் எனக்கு யோசனை சொன்னார்கள்.

கம்பெனியில் லோடு ஏற்றும் அப்பாவுக்கு, மெஷின் பக்கத்தில் நிற்பவன்தான் மனுஷன். "மெஷின் வேல கீது, அத்த வுட்டுட்டு பொம்பள வேலைக்குப் போறேன்றியே! பீ அள்ளத்தான் படிச்சியா?" என்று தினமும் ஆரம்பிப்பார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. சரி, மெஷினையே படித்துத் தொலைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரமே அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பெட்பேனோடு வந்தபோதெல்லாம், "நீ போம்மா, எனக்கு வரல" என்று திருப்பி அனுப்பினார். வயிறு உப்பி, முகமெல்லாம் வியர்த்தது.

"இன்னாய்யா, அடக்கிக்கினே இருந்தா எப்படி?" என்று அந்தம்மா அதட்டினார்.

"ஆம்பள ஆளு யாரும் இல்லியாம்மா இங்க?"

"இருந்தா நான் ஏன்யா உன்னாண்ட மல்லாடிக்கினு கீறேன்?"

எனக்கு வந்த எரிச்சலில், "நீதானப்பா பொம்பள வேலன்னே?" என்று கேட்டே விட்டேன். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பெட்பேனை வாங்கி நானே வைத்தேன். "மெதுவாடா" என்றார், அவ்வளவுதான்.

நர்ஸிங்கில் சேர்ந்தேன். சொந்தக்காரர்களிடம் அப்பா இன்றும் மெஷின் படிப்பு என்றுதான் சொல்கிறார். நான் திருத்துவதில்லை. வார்டில் யாராவது "நீ போம்மா" என்று முனகினால் மட்டும், என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்துவிடுகிறேன்.