காது வலிக்கு முதல் கேள்வி

வெங்காயமா பூண்டா என்று இரண்டு அம்மாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சண்டை நடந்த இடம் எங்கள் எஸ்டேட்டின் புள்ளக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் ஒற்றை அறைக்கு, இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த எங்கள் சனம் வைத்திருக்கும் பெயர் அது. வெளியே ஆடி மழை. உள்ளே ஏழு குழந்தைகளுக்கும் மூக்கு ஒழுகியது. அதில் இரண்டு குழந்தைகள் காதைப் பிடித்துக்கொண்டு அழுதன.

"வெங்காயத்தச் சுட்டு, துணியில கட்டி வைக்கணும்டி."

"ஆமா, உன் மகன் காது என்ன குழம்புச் சட்டியா? பூண்டுதான்."

"பூண்டு மட்டும் பாயாசத்துக்கா போடுறாங்க?"

டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. தேயிலை விலை விழுந்ததும் முதலில் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைந்தது. அடுத்து, தினமும் வந்துகொண்டிருந்த கம்பவுண்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருபவராக ஆனார். அன்று வியாழன். காது வலி செவ்வாய் வரைக்கும் காத்திருக்குமா?

தாவரவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, அக்காவின் நாலு வயது மகள் பாப்பாவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அக்கா கொழுந்து பறித்தாள். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். சும்மா இருப்பது எனக்கு ஆகாத காரியம். ஒவ்வொரு வீட்டிலும் காதுக்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறதே, எல்லாவற்றையும் எழுதி, தாவரப் பெயர் போட்டு, எதற்கு வலி கேட்கிறது எதற்குக் கேட்கவில்லை என்று பார்த்துவிட்டால் என்ன? அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கிவிட்டேன்.

மறுநாள் எஸ்டேட்டில் வேலை இல்லை. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். முதல் லயத்தில், அந்த வரிசை வீடுகளின் கோடி வீட்டு அத்தை அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"யாருக்குப் புள்ள வலி? காதுல ஏதும் வடியுதா?"

"எங்க வீட்டுல யாருக்கும் இல்ல அத்தை, சும்மா எழுதிக்கிறேன்."

"வலிக்காத காதுக்கு மருந்து தேடுற மொத ஆளு நீதான். எழுதிக்க. கல்லுப்பு வறுத்து, துணியில கட்டி ஒத்தடம்."

எழுதினேன். அடுத்த வீட்டில் துளசிச் சாறு. அதற்கடுத்ததில், பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் இரண்டு சொட்டு. கடை வைத்திருந்த மலையாளத்துச் சேட்டன் பீடிக்கட்டைப் பிரித்தபடி, "பழுப்பு உண்டோ மோளே? இல்லெங்கில் சொல்லாம்" என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் சொன்னார். பழுப்பு என்று அவர் சொன்னது சீழை. நான் அதை விட்டுவிட்டு இலையின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டேன். மாலைக்குள் பதினான்கு வைத்தியம். எவ்வளவு சூடு, எத்தனை சொட்டு, எந்த இலை என்று கட்டம் போட்டு எழுதியிருந்தேன். கல்லூரியில்கூட அவ்வளவு சுத்தமாக ஒரு ரெக்கார்டு நோட்டு நான் எழுதியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பாப்பாவுக்கே வலி வந்தது. ஒரு வாரமாகச் சளி. இடது காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டாள். அக்கா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்து, காதின் மேல் வைத்தேன். அழுகை கொஞ்சம் அடங்கியது. சாயங்காலம் திரும்ப வைத்தேன். தூங்கிவிட்டாள்.

காலையில் எழுந்தவள், "சித்தி, வலிக்கல" என்றாள். தலையணையில் மஞ்சளாக ஒரு கறை. மூக்குச் சளி என்று துடைத்துப் போட்டுவிட்டு, நோட்டில் முதல் வைத்தியத்துக்கு நேராகப் பெரிய டிக் அடித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மிச்சம் ஏதும் உள்ளே இருந்தால் அதுவும் போகட்டும் என்று மூன்றாவது வைத்தியத்துக்குப் போனேன். பூண்டு எண்ணெய், ஆறவைத்து, இரண்டு சொட்டு.

பாப்பா அலறியது கீழ் லயம் வரைக்கும் கேட்டிருக்கும். எண்ணெயோடு சீழும் வெளியே வந்தது. அப்போதுதான் தலையணைக் கறை என்ன என்று புரிந்தது. அழுது ஓய்ந்து உட்கார்ந்தவளை இடது பக்கமாக நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அவள் பொம்மையின் கையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

குழாயடியிலிருந்து வந்த அக்கா குடத்தை இறக்கிவைத்தாள். "என்னத்த ஊத்துன?" என்றாள். சொன்னேன். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உன் படிப்ப என் புள்ள காதுலதான் சோதிக்கணுமா?"

கூடலூர் பஸ்ஸில் அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாப்பாவை மடியில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "காதுல ஏதாவது வடிஞ்சுதாங்க?" இரண்டாவது, "உள்ள எதாச்சும் ஊத்துனீங்களா?"

இரண்டுக்கும் நான்தான் பதில் சொன்னேன். அவர் துடைத்து, விளக்கு வைத்துப் பார்த்தார். சளியால் உள்ளே சீழ் கட்டி, செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது. வலி சட்டென்று நின்றது அதனால்தான். அந்த நேரத்தில் எண்ணெய், சாறு, தண்ணீர் எதுவுமே உள்ளே போகக் கூடாது என்றார். "முக்காவாசிக் குழந்தைகளுக்குத் தானா மூடிக்கும். காதும் நல்லாக் கேக்கும். ஆனா இப்பவே உறுதியாச் சொல்ல மாட்டேனுங்க. மருந்த நடுவுல நிறுத்தாதீங்க. காது நனையக் கூடாது. ஒரு மாசம் கழிச்சு வாங்க."

திரும்பி வரும்போது நோட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக எறியத்தான் எடுத்தேன். பக்கங்களைப் பார்க்கப் பார்க்க ஒவ்வொருவரும் பேசியது நினைவுக்கு வந்தது. காதுல ஏதும் வடியுதா? பழுப்பு உண்டோ? சீ வந்துச்சா புள்ள? பெரும்பாலும் எல்லோருமே மருந்தைச் சொல்வதற்கு முன்னால் அதைக் கேட்டிருந்தார்கள். அது மருந்து இல்லையே என்று ஓரிடத்தில்கூட நான் அதை எழுதவில்லை. டாக்டரும் அவர்களும் ஒரே இடத்தில்தான் தொடங்கியிருக்கிறார்கள். நான்தான் இரண்டாவது வரியிலிருந்து எழுதியிருக்கிறேன்.

அந்த ஒரு மாதம் நீளமானது. வேளாவேளைக்கு மருந்து கொடுத்தேன். தலைக்கு ஊற்றும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வைத்தேன். மழையில் போனால் குல்லாயை இழுத்துவிட்டேன். பின்னாலிருந்து கைதட்டிப் பார்ப்பேன். சில நேரம் திரும்புவாள், சில நேரம் மாட்டாள். வேண்டுமென்றே திரும்பவில்லையா, கேட்கவில்லையா? அக்கா என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். "உப்பு எங்க?" "புள்ள சாப்ட்டுச்சா?" அவ்வளவுதான்.

மறுபடி கூடலூர். டாக்டரம்மா விளக்கு வைத்து வெகுநேரம் பார்த்தார். பாப்பாவின் பின்னால் போய் நின்று, வலது காதை விரலால் மூடித் தேய்த்துக்கொண்டே இடது பக்கம் கிசுகிசுத்தார்.

"மாடு."

"மாடு" என்றாள் பாப்பா.

"பஸ்ஸு."

"பஸ்ஸு."

எனக்கே சரியாகக் கேட்காத குரலில் அடுத்தது: "பாப்பாவுக்கு ஊசி போட்டுரலாமா?"

"வேணாம்! சித்திக்குப் போடுங்க. அதுதான் எண்ணெ ஊத்துச்சு!"

டாக்டரம்மா சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு மாதமாகச் சிரிக்காத அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஓட்டை மூடிருச்சுங்க, நல்லாவே கேக்குது" என்று டாக்டரம்மா சொன்னபோது அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் தயங்கித் தயங்கி நோட்டை அவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். உப்பு ஒத்தடம் வெளியில்தானே, சூடு அளவாக இருந்தால் வலிக்கு இதமாக இருக்கும், ஆனால் அது வலியைத் தணிக்குமே தவிர நோயைத் தீர்க்காது என்றார். உள்ளே ஊற்றும் பத்துப் பன்னிரண்டையும் பேனாவால் அடித்தார். அவர் அடிக்க அடிக்க எனக்குப் பாரம் குறைந்ததே தவிர வருத்தமாக இல்லை.

பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினாள். "அடுத்து என்ன கிழிக்கப் போற?"

சொன்னேன். நோட்டின் முதல் பக்கத்தில் மருந்து கிடையாது, கேள்விகள்தான். காதில் ஏதும் வடிகிறதா? காய்ச்சல் உண்டா? காதுக்குப் பின்னால் வீக்கமா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் நேராக பஸ். மூன்றுக்கும் இல்லை என்றால் உப்பு முடிச்சு, மறுநாளும் வலித்தால் அப்போதும் பஸ். அதைப் பெரிய எழுத்தில் எழுதிப் புள்ளக் காம்பரா சுவரில் ஒட்ட வேண்டும். பழைய வேட்டியில் ஏழு முடிச்சு தைத்து அங்கேயே வைக்க வேண்டும்.

"தையல் உனக்கு வராதே" என்றாள் அக்கா.

"நீ தைக்கிற. நான் உப்பு வறுக்கிறேன்."

நாளைக்கு எஸ்டேட்டில் வேலை இல்லை. வெங்காயக்காரியும் பூண்டுக்காரியும் வீட்டில்தான் இருப்பார்கள். முதலில் அவர்களிடம் போகிறேன். இந்த முறை அவர்கள் கேட்பதிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும்.