சிவப்பு லக், நீலக் குழி

என் மனைவியின் மேல் எனக்குப் பொறாமை. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் பேனாவை நாலு தடவை கீழே வைத்துவிட்டேன். அவளுக்கு என்னைவிட நல்ல நிறம், அவள் பிறந்த வீட்டில் வசதி அதிகம் என்றெல்லாம் வந்த பொறாமை இல்லை. லக் அழுத்துவதில் வந்த பொறாமை.

தாண்டிக்குடியில் நான் ஜீப்புகளுக்கு வயரிங் பார்க்கிறவன். தகரக் கூரை போட்ட ஒரு கடை, முன்னால் ரெண்டு ஜீப் நிற்கிற இடம், அவ்வளவுதான். லக் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வயர் நுனியில் செருகி நசுக்குகிற சின்ன உலோகக் குழல் அது. மறுபக்கம் திருகில் மாட்ட ஒரு வளையமோ, இன்னொன்றில் செருக ஒரு தட்டையான நாக்கோ இருக்கும். கழுத்தில் கலர் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். ஒரு ஜீப்புக்குள் இந்த மாதிரி எத்தனையோ கிடக்கும். விளக்கு எரிவதும் ஹாரன் அடிப்பதும் இதன் பிடியில்தான்.

இருபது வருடத்துக்கு மேலாக நான் லக் போட்ட விதம் ஒன்றுதான். வயரின் தோலைப் பல்லால் உரிப்பேன், லக்கைச் செருகுவேன், கட்டிங் பிளேயரால் பலம் கொண்ட மட்டும் நசுக்குவேன், மேலே டேப்பைச் சுற்றுவேன். மூன்று மாதத்தில் அந்த வண்டி திரும்பி வரும். மலையில் மேகம் இறங்கினால் வயருக்குள்ளேயும் இறங்கும். செம்புக் கம்பியில் களிம்பு ஏறும், ரோட்டின் குலுக்கலில் லக் கழன்று தொங்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை நசுக்குவேன். மலை ஜீப் என்றால் அப்படித்தான் என்று டிரைவர்களும் நம்பினார்கள், நானும் நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன வருடம் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு சோலார் வேலி போடப் பயிற்சி கொடுத்தார்கள். காபித் தோட்டத்துக்குள்ளும் மிளகுக் கொடிக்குள்ளும் காட்டுமாடு புகுந்து மிதித்துப் போடுவதால் இப்போது எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் அந்த வேலி தேவைப்படுகிறது. திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் வந்து ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார். இருபது பேர் வேண்டும், ஒரு ஆள் குறைகிறது என்று இவளும் பேர் கொடுத்திருந்தாள்.

“மிளகு பறிக்கிற கைக்கு எதுக்கு இந்தக் கரண்டு சோலி?” என்றேன்.

“ஏலாதுன்னா விட்டுட்டு வந்துர்றேங்க” என்றாள். அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். எல்லாப் பேச்சும் எங்கள் ஊர்ப் பேச்சாக மாறிவிட்டது, அந்த ‘ஏலாது’ மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஆனால் உண்மையில் அவளுக்கு ஏலாத வேலை என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. அதுவும் சேர்ந்துதான் எனக்கு எரிச்சல்.

கடைசி நாள் கையில் ஒரு கருவியோடு வந்தாள். லக் அழுத்தும் கருவி. இருபது பேரில் ஒரு லக்கைக்கூட வெட்டி எறியாமல் முடித்தது இவள் ஒருத்திதானாம், அதனால் கொடுத்தார்களாம். நீளமான ரெண்டு கைப்பிடி, முன்னால் அகலமான வாய், வாய்க்குள் மூன்று குழிகள். ஒவ்வொரு குழிக்கும் மேலே ஒரு பொட்டு: சிவப்பு, நீலம், மஞ்சள். லக்கைக் குழியில் வைத்து அழுத்தினால் டிக் டிக்கென்று பல் ஏறிக்கொண்டே போகும். பாதியில் கையை எடுத்தால் விடாது. முழுக்க அழுத்திய பிறகுதான் தானாக வாயைத் திறக்கும். அதைப் பழைய சேலைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தாள். என் கட்டிங் பிளேயரை நான் ஒருநாளும் துடைத்தது கூடக் கிடையாது.

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒரு டிரைவர் உண்டு. காலையில் காபி பறிக்கிற பெண்களைக் கீழே எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் மேலே ஏற்றிக்கொண்டு வருகிறவன். என்னை அண்ணே என்றும் அவளை மதினி என்றும் கூப்பிடுவான். அவன் ஜீப்பின் இண்டிகேட்டர் வயர் ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகக் கழன்று வந்தபோது அவள் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். வீட்டுக்குப் போய்க் கருவியை எடுத்துக்கொண்டு வந்தாள். தோலை உரித்தாள், செருகினாள், அழுத்தினாள். பிறகு லக்கை ஒரு கையிலும் வயரை ஒரு கையிலும் பிடித்துச் சுண்டி இழுத்துப் பார்த்துவிட்டு மாட்டினாள். டேப் சுற்றவில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் என் கை நுழையாத இடத்தில் அவள் கை நுழைந்தது.

அந்த வயர் திரும்பி வரவேண்டும் என்று நான் காத்திருந்தேன். பொய் சொல்லவில்லை. தினமும் அந்த ஜீப் கடையைத் தாண்டித் திரும்பும்போது, இன்றைக்காவது இண்டிகேட்டர் எரியக்கூடாது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மாதம் ஆனது, மழையும் வந்தது, அது எரிந்துகொண்டேதான் போனது.

அப்புறம் ஆரம்பித்தது. கடைக்கு வந்து இறங்குகிற டிரைவர்கள் என் முகத்தைப் பார்க்குமுன் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். “மதினி இல்லையாண்ணே?” என்று கேட்டார்கள். இல்லை என்றால், “சரி, நாளைக்கு வெள்ளனே வந்து விட்டுட்டுப் போறேன்” என்று வண்டியைத் திருப்பினார்கள். நான் என்ன, கடைக்குப் பூட்டுப் போடுகிறவனா? இருபது வருடம் இவர்களுடைய ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தது யார்? இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. பெண்டாட்டிக்கு வருகிற மரியாதையில் எவனாவது பங்கு கேட்பானா என்று சிரிப்பார்கள்.

அவர்கள் கேட்டால் அவள் பொறுமையாக விளக்கமும் சொல்லுவாள். எந்த லக் எதற்கு, எந்தக் குழி எதற்கு என்று கருவியைக் காட்டிக் காட்டிச் சொல்லுவாள். அந்த நேரம் பார்த்து நான் ஒரு ஜீப்பில் ஏறி, சாவியைத் திருகி, ஆக்சிலேட்டரை மிதிப்பேன். அவள் குரல் கேட்காது. அப்படி மிதித்து மிதித்தே அவள் சொன்ன ஒரு விளக்கத்தையும் நான் காதில் வாங்கவில்லை.

கீழே எஸ்டேட் மேனேஜர் வரைக்கும் அவள் பேர் போயிற்று. எஸ்டேட்டைச் சுற்றி வேலி போடப் போகிறார்கள், வயர் இணைப்பு முழுக்க இவளிடம் கொடுக்கலாம் என்று அந்த டிரைவர்தான் சொல்லியிருக்கிறான். மேனேஜர் உடனே சரி சொல்லவில்லை. “கொஞ்ச நாள் பார்ப்போம்” என்றிருக்கிறார். அவர் மேலே வந்துபோவதும் அந்த ஜீப்பில்தான். இவள் செய்த வேலை எப்படி நிற்கிறது என்று அவர் கண்முன்னே தெரியும். அந்த வேலி வேலை கிடைத்தால் ஆறு மாதத்துக்கு மிளகுக் கூலிக்குப் போகவேண்டாம். அவள் தினமும் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினாள். நான் ம் கொட்டினேன்.

ஹாரனுக்குப் புது வயர் போடவேண்டும் என்று டிரைவர் முந்தின வாரமே சொல்லியிருந்தான், ஒரு நாள் வந்து வெரசா வேண்டும் என்றான். அவள் ஆடலூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். “மதினி வந்ததும் வர்றேண்ணே” என்று அவன் சாவியைத் திருப்பினான். எனக்குள் என்ன புகுந்ததோ, “அவ நேத்தே லக்குப் போட்டு வச்சிட்டாடா. வீட்டுல கெடக்கு, எடுத்துட்டு வந்து நான் மாட்டுறதுதான் பாக்கி” என்றேன்.

வீட்டுக்கு ஓடினேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைத் துணியைப் பிரித்துக் கருவியை எடுத்தேன். என் திட்டம் இதுதான்: அவள் வேலை என்று நினைத்து அவன் மெச்சட்டும், நாலு பேரிடம் சொல்லட்டும். ஒரு மாதம் கழித்து, அது என் கைடா என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லி மூக்கை உடைக்கவேண்டும்.

ஹாரனுக்கு ரெண்டு வயர். ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, மற்றது ஹாரனிலிருந்து பட்டனுக்குப் போய் எர்த்தில் முடிவது. என்னிடம் இருந்தது எல்லாம் சிவப்புக் கழுத்து லக். கருவியின் பொட்டுகளைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் சிவப்பு என்றால் ஒரே அர்த்தம்தான், பேட்டரி கரண்ட். அதனால் பேட்டரி வயரைச் சிவப்புக் குழியில் வைத்து அழுத்தினேன். எர்த்துக்குப் போகும் வயரை நீலக் குழியில் வைத்து அழுத்தினேன். எனக்கு அதில் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. ரெண்டு தடவையும் டிக் டிக்கென்று ஏறி ஒழுங்காக வாயைத் திறந்தது. இவ்வளவுதானா இந்த வித்தை என்று நினைத்தேன். அவள் மாதிரியே தெரியவேண்டும் என்று டேப்பும் சுற்றவில்லை. கொண்டுபோய் மாட்டினேன். ஹாரன் கணீரென்று அடித்தது.

ரெண்டு நாள் கழித்துச் சாயங்காலம் நாலு மணி வாக்கில் மேகம் இறங்கிவிட்டது. முன்சீட்டில் மேனேஜர், பின்னால் பெண்கள். ஜீப் வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது ஹாரன் நின்றுபோனது. எதிரில் வருவது கையெட்டும் தூரத்துக்கு வரும்வரை தெரியாத ரோடு. டிரைவர் வலது கையை வெளியே விட்டுக் கதவுத் தகரத்தைப் பட் பட்டென்று அடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான். பின்னால் இருந்த பெண்கள் “வண்டி வருது, வண்டி வருது” என்று ஒவ்வொரு வளைவிலும் குரல் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் ஒரு வளைவில் பஸ் மூக்குக்கு நேரே வந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் மட்டும் இறங்கி மீதித் தூரத்தை நடந்தே வந்திருக்கிறார்.

டிரைவர் நேராகக் கடைக்கு வந்தான். ஆடலூரிலிருந்து திரும்பியிருந்த அவளும் கடையில் இருந்தாள். கழன்ற வயரையும் லக்கையும் அவளிடம் நீட்டினான்.

“மதினி, நீங்க போட்டு வச்ச லக்குதான். இப்படிப் பண்ணிருச்சு. மேனேஜர் வேலி வேலையை யோசிச்சுச் சொல்றேன்னுட்டாரு.”

நான் ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். ஊற்றவேண்டிய பேட்டரி இல்லை அது. அவள் அந்த லக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு முதுகில் தெரிந்தது. நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது, நிறையவே இருந்தது.

“என் சோலிதான் தம்பி. தப்பாப் போச்சு” என்றாள். “அந்த வயரைக் குடுங்க, மாத்தித் தர்றேன்.”

வீட்டில் காபி டம்ளருக்குப் பக்கத்தில் அந்த லக்கை வைத்தாள். “சிவப்பு லக்கை நீலக் குழியில வச்சிருக்கீங்க” என்றாள்.

“எர்த்து வயரு. பேட்டரிக்குத்தான சிவப்பு?”

கோபமாக இருந்தவள் அதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கலர் கரண்டுக்கு இல்லையாம், பருமனுக்காம். மெல்லிசு வயருக்குச் சிவப்பு லக், சிவப்புக் குழி. அதைவிடத் தடித்ததற்கு நீலம். இன்னும் தடித்ததற்கு மஞ்சள். நீலக் குழி அகலம், அதில் சிவப்பு லக்கை அழுத்தினால் கருவி முழுக்க மூடித் திறக்கும், வயரை மட்டும் பிடிக்காது. அன்றைக்கு அவள் எனக்குப் பத்து லக் போடச் சொல்லிக்கொடுத்தாள். கம்பி எவ்வளவு வெளியே தெரியவேண்டும், லக்கின் எந்த இடம் குழிக்குள் உட்காரவேண்டும் என்று விரலைப் பிடித்துக் காட்டினாள். நாலு லக் இழுத்தவுடன் கையோடு வந்தன. ஆறு நின்றன.

“எதுக்கு உன் பேரைச் சொன்ன?” என்று கேட்டேன்.

“நான் இந்த வேலி இல்லாட்டி மிளகுக்குப் போயிருவேன். நீங்க தினமும் அந்தக் கடையிலதானங்க உக்காரணும்?”

கண்ணை மூடிக்கொண்டு படுத்தேன். அவள் அந்த இடத்தில் சொன்ன வார்த்தை என் வாயில் வந்திருக்காது. லக் போடுவதைக்கூடக் கற்றுக்கொண்டுவிடலாம், இதை எங்கே போய்க் கற்பது? அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

மறுநாள் வெள்ளனே எழுந்து ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். அது நான் போட்ட லக், பொய் சொன்னதும் நான், என்னை மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போ. இதுதான் சொல்லவேண்டியது. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

“நேத்தே மேனேஜர்ட்ட பேசிட்டேண்ணே. அது அண்ணன் சோலி, மதினி சும்மா பழியை ஏத்துக்கிட்டாங்கன்னு சொல்லிட்டேன். நாளைக்கே வேலிக்கு வரச் சொல்லிருக்காரு.”

“நான்தான்னு உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலண்ணே. மதினி போட்டது கழலாதுல்ல.” துணியைப் பிழிந்து உதறினான். அவன் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லும் முகமாக இருந்தது.

சொல்ல வந்ததை எச்சிலோடு விழுங்கிவிட்டுத் திரும்பினேன். அவள் அடுப்படியில் இருந்தாள். வேலி வேலை கிடைத்துவிட்டது, நாளைக்கு வரச் சொல்கிறார்கள் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“நீங்க போய்ச் சொன்னீங்களா? உங்க சோலின்னு?”

“ம்” என்றேன்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. காலையில் எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்த ஓர் ஆளைப் பார்க்கிற பார்வை அது. அந்த ஆள் மேலும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.