ஏகாம்பரம் கேட்காத பின்பாதி

பெங்களூரு ஜீவனஹள்ளி ஏகாம்பரம் ஆபீஸ் போகிற பஸ்ஸில் பாட்காஸ்ட் கேட்டே அறிவாளியானவர். ஸ்டாப் வந்தால் நிறுத்திவிடுவார், மறுநாள் வேறொன்று. அதனால் அவர் அறிந்த வரலாற்றில் எந்தப் போரும் முடிந்ததில்லை. புத்தர் இன்னும் அரண்மனை வாசலையே தாண்டவில்லை.

"சர்க்கரைக்கு மாத்திரையே வேணாமாம், பாட்காஸ்டுல டாக்டரே பேசறாரு" என்று மாத்திரையையும் நிறுத்தினார்.

"காலு மரத்துப்போவுதுன்றியே, மாத்திரைய போடுய்யா" என்று மனைவி சரசு கெஞ்சியும் கேட்கவில்லை.

ஒருநாள் சர்க்கரை மாத்திரை விழுங்கிய பக்கத்து சீட்காரரைத் திருத்துவதற்காக அதே பாட்காஸ்டைச் சத்தமாக வைத்தார். மழையில் டிராபிக் அசையவில்லை. பேச்சு பின்பாதிக்குப் போனது. "இந்தப் புரளிய நம்பி மாத்திரைய நிறுத்தினவங்கதான் இப்ப ஐசியூவுல இருக்காங்க" என்றார் டாக்டர். பஸ்ஸே ஏகாம்பரத்தைப் பார்த்தது.

வீடு திரும்பியதும் நடந்ததைச் சொல்லி மாத்திரை கேட்டார்.

"உனுக்குப் புத்தி வர்றதுக்கு ஊரே ரோட்டுல நிக்கணுமாய்யா?" என்றாள் சரசு.