பெட்ரோல் குழாயில் சணல்: பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் பதினெட்டு மைல்

பதுளையில் மோட்டார் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் நானும் ஒருவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறுக்கவில்லை. கடைவீதியில் துணிக்கடை நடத்துகிறேன். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் பழைய வண்டியாக வாங்கினேன். நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். என் மனைவி இறந்து மூன்று வருடமாகிறது, பிள்ளைகளும் இல்லை. அதனால் பெரும்பாலும் நான் ஒருவன்தான் உட்காருகிறேன்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, பண்டாரவளைக்கும் அப்பால் இருக்கும் பூனாகலைக்குக் கிளம்பியது என் அண்ணனுக்காக. அங்கே தேயிலை ஃபாக்டரியில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு, "ரெண்டு பேரும் திருச்சிக்கே போயிடலாம்டா" என்றார். கடையை விட்டுவிட்டு வர முடியாது, வேண்டுமென்றால் நீங்கள் போங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. ஒரே மலையில் இருந்துகொண்டு, தீபாவளிக்குக்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவரும் அண்ணியும் ஒரேயடியாக ஊருக்குப் போகிறார்கள் என்று பண்டாரவளைக் கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. ரயில் பாதை இன்னும் பண்டாரவளையைத் தாண்டிப் பதுளைப் பக்கம் வரவில்லை, அங்கேதான் ஏற வேண்டும். சனிக்கிழமை பகல் ஒன்று பத்து வண்டி. ஒன்பது மணிக்கு நானே மோட்டார் கொண்டுவந்து ஸ்டேஷனில் விடுகிறேன் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினேன். "சரி" என்று ஒரு வார்த்தை திரும்பி வந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பூனாகலையிலிருந்து ஸ்டேஷன் ஒன்பது மைல். அந்த ஒன்பது மைலில் என்னென்ன பேசலாம் என்று கடையில் துணி கிழிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

இனி வண்டி விஷயம். என் வண்டியில் பெட்ரோல் டாங்கி முன் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு செம்புக் குழாய் வழியாகப் பெட்ரோல் தானாகவே இன்ஜினுக்கு இறங்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்த்தால் டாங்கிப் பக்கத்துப் பித்தளை நட்டில் மரை தேய்ந்து, சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. பதுளையில் மாற்று நட்டு இல்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஐந்து மைல் ஏறிப்போய் ஒரு தோட்டத்து ஃபாக்டரி ஃபிட்டரிடம் காட்டினேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர், காசுகூட வாங்கவில்லை.

நீராவிக் குழாயில் அவர் கைபட்டால் ஒரு பொட்டு ஒழுகாது. அதே கைவரிசையை என் குழாயிலும் காட்டினார். நீராவிக் குழாய்க்கு உள்ள ஒரு பெரிய நட்டை எடுத்து, மரையில் சணலைச் சுற்றி, ஆளி எண்ணெயில் குழைத்த வெள்ளைக் களிம்பை அப்பி இறுக்கினார். புது மாப்பிள்ளை மோதிரம் மாதிரி பளபளவென்று இருந்தது. எனக்கும் பரம திருப்தி.

சனிக்கிழமை காலை சரியாக ஆறு மணிக்குக் கிளம்பினேன். இரண்டு காலன் பெட்ரோல் டின் ஒன்று கூடுதலாக, ஐந்து ரூபாய். ஹாலி எல ஊர் வரை சமதளம் போல சுகமான பாதை. அதன் பிறகுதான் ஏற்றம். ஏழேகால் மணிக்கு, பத்தாவது மைலைத் தாண்டி, இன்ஜின் இரண்டு முறை தும்மிவிட்டு நின்றது. பெட்ரோல் அந்தக் களிம்பைக் கரைத்துவிட்டது. நட்டு ஒழுகியது ஒரு பக்கம். அவிழ்ந்த சணல் நார் குழாய் வழியாக இறங்கி, இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் ஊசித் துவாரத்தில் போய் அடைத்துக்கொண்டது.

ஊதினேன், துடைத்தேன், மறுபடி மாட்டினேன். கால் மைல் ஓடி மறுபடி நின்றது. இப்படி நான்கு தடவை. ஒன்பது மணியும் ஆனது. இரண்டு பக்கமும் தேயிலை, மேலே பனிமூட்டம், எங்கோ தூரத்தில் கொழுந்து பறிக்கிறவர்களின் சத்தம், ஆனால் ஆள் கண்ணில் படவில்லை. இந்நேரம் அண்ணன் மூட்டை கட்டிவைத்துவிட்டு வாசலில் நிற்பார் என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஐம்பது வயது ஆள் ரோட்டோரத்தில் அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்து மணிக்கு ஒரு தேயிலை லாரி வந்தது. ஓட்டி வந்த முஸ்லிம் பெரியவர், இந்தப் பக்கத்தில் நானா என்போம், பண்டாரவளைக்காரர். நட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இது ஸ்டீம் இல்ல தம்பி, பெட்ரோல். எண்ணெயில கொழச்சதெல்லாத்தையும் தின்னுடும். இதுக்கு இரும்போட இரும்பு, பித்தளையோட பித்தளை முட்டிக்கிட்டு நிக்கணும். நடுவுல ஒன்னும் இருக்கப்படாது."

தன் பெட்டியைக் கிளறி, என் டாங்கி மரைக்குப் பொருந்தும் ஒரு சின்ன நட்டைத் தேடி எடுத்தார். குழாயைக் கழற்றி, வண்டிக்கு முப்பது கஜம் தள்ளிக் கொண்டுபோய், நுனியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். செம்பு அப்படித்தான் இளகுமாம். பிறகு நுனியைப் புனல்போல விரிக்க வேண்டும். அவசரத்தில் நானே சுத்தியலை வாங்கி அழகாக விரித்துவிட்டேன். விரித்த பிறகுதான் தெரிந்தது, நட்டு இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. விரித்த நுனி வழியாக அது நுழையாது. வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு நாற்பது நிமிடம் போனது. கடைசியாக மரையில் துணி துவைக்கிற சவுக்காரத்தைத் தேய்த்தார். பெட்ரோலில் சவுக்காரம் கரையாது என்றார் நானா.

பன்னிரண்டு மணிக்கு வண்டி கிளம்பியது. பூனாகலைக்குப் போய்ப் பயனில்லை என்று நேரே ஸ்டேஷனுக்கு விட்டேன். சேரும்போது ஒரு மணி. ரயில் நின்றுகொண்டிருந்தது. கடைசிப் பெட்டியில் ஜன்னலோரம் அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒன்பதரை வரைக்கும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகுதான் மாட்டுவண்டி பிடித்தோம் என்றார் அண்ணி.

"என்னடா ஆச்சு?" என்றார் அண்ணன்.

"பெட்ரோல் கொழாய் நட்டுண்ணே."

"ஃபாக்டரியில குடுத்தியா? சணல் வச்சிருப்பானே."

ஆமாம் என்றேன். களிம்பு கரைந்தது, குழாயைக் காய்ச்சியது, நட்டு சட்டைப் பையில் இருந்தது என்று எல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். எத்தனை நூல் அளவு நட்டு, விரித்த பக்கம் எது என்று அக்கறையாகக் கேட்டார். நானும் அக்கறையாகப் பதில் சொன்னேன். பத்து நிமிடமும் இப்படியே போய்விட்டது. கொடி அசைந்தது. "சவுக்காரம் ஒரு துண்டு எப்பவும் வண்டியில வச்சுக்க" என்றார். தலையை ஆட்டினேன். போகாதீங்க என்று சொல்லவில்லை. அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்த பதினெட்டு மைலும் குழாய் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

இந்தப் பாதையில் வரப்போகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். உங்கள் வண்டியின் நட்டையே மாதிரியாகக் கொழும்புக்கு அனுப்பி, அதே மரையில் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண் மதிப்பில் வாங்காதீர்கள். பெட்ரோல் குழாய்க்குச் சணல், களிம்பு, ரப்பர் எதுவும் ஆகாது. குழாயை ஒரு சுற்று வளைத்து மாட்டினால் இந்தக் குலுக்கலில் நுனி வெடிக்காது. ஏற்றத்தில் டாங்கி பாதிக்குக் கீழே போக விடாதீர்கள், பெட்ரோல் மேலே ஏறாது. நட்டை முதலில் கோத்துவிட்டுப் பிறகு நுனியை விரியுங்கள்.

யாரையாவது வழியனுப்பப் போகிறீர்களானால், காலையில் போய்க்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். முதல் நாளே போய்ச் சேருங்கள். பூனாகலையில் அண்ணன் வீட்டில் எனக்கும் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தது.