பழுப்பு உருண்டைகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் சுத்தக்காரி. கதவுப் பிடியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள். நான் பக்கத்து அறையில் கருவி ஓட்டுகிறவள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "கையைக் கழுவிக் கழுவி ரேகையே அழிஞ்சிடப் போகுதுடி" என்று சீண்டுவேன். "அழியட்டும், தலையெழுத்தாவது மாறுதான்னு பார்ப்போம்" என்பாள்.

ஒரு காட்டு மரத்தின் பட்டையில் புற்றுநோய்க் கட்டியைச் சுருக்கும் மூலக்கூறு இருக்கிறது. ஒரே ஒரு நோயாளிக்கு மருந்தெடுக்க ஒரு மரத்தையே உரித்தாக வேண்டும். அதனால் அதன் இலைத் துணுக்கிலிருந்து செல்களை எடுத்து, கண்ணாடி ஜாடிக்குள் சத்துக் கூழின்மேல் சின்னச் சின்ன உருண்டைகளாக வளர்த்தோம். வளர்த்தோம் என்ன, அவள்தான் வளர்த்தாள். உருண்டை பெருத்ததும் இடுக்கியால் ஒரு துண்டு எடுத்துப் புதுக் கூழில் வைப்பாள். வேண்டாததை அவித்துக் கொட்டிவிடுவாள்.

அந்த மருந்தை ஆஸ்பத்திரியில் சிலருக்குச் சோதனையாகக் கொடுத்தார்கள். சுத்தக்காரி டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கழுத்தில் புற்றுநோய் வந்திருந்த தன் தங்கையையும் அதில் சேர்த்துவிட்டாள். முதல் ஊசிகளிலேயே தங்கையின் கழுத்து வீக்கம் வடிந்தது. தண்ணீர்கூட இறங்காத தொண்டையில் சாப்பாடு இறங்கியது.

அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கண்ணும் கருத்துமாக வளர்த்தாள். ஒவ்வொரு முறையும் வெள்ளையாய், மளமளவென்று வளர்வதாகப் பார்த்து எடுத்தாள். பழுப்பேறிச் சுணங்கிக் கிடந்தவற்றை அழுகல் என்று ஒதுக்கினாள். யார்தான் ஒதுக்கமாட்டார்கள்? இயக்குநரே வந்து, "பஞ்சு மாதிரி இருக்கே, அசத்திட்டீங்க!" என்றார். மாதா மாதம் எடை ஏறியது. எல்லாருக்கும் எடைதான் கண்ணில் பட்டது.

அடுத்த தவணை மருந்துக்காக அந்த உருண்டைகளிலிருந்து எடுத்த சாற்றை என் கருவியில் விட்டேன். மருந்து இருந்தால் மேலே எழ வேண்டிய கோடு, தரையோடு தரையாகக் கிடந்தது. கருவிதான் மக்கர் பண்ணுகிறது என்று திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒன்றுமே இல்லை.

மருந்தைச் செய்கிற செல்கள் அந்த வேலையிலேயே களைத்து, பழுப்பாகி, மெதுவாக வளர்பவை. வெள்ளைச் செல்கள் சும்மா தின்று கொழுத்தவை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி, மருந்து இருந்ததையெல்லாம் அவித்துக் கொட்டியிருந்தோம்.

"இதெல்லாம் நடக்கறதுதான். இலையிலேருந்து திரும்ப ஆரம்பிப்போம், ஒரு வருஷத்துல வந்துடும்" என்றார் இயக்குநர். அடப்பாவி, அந்தப் பெண்ணுக்கு ஏது ஒரு வருஷம்!

ஆஸ்பத்திரியின் கையிருப்பு தீர்ந்தது. கழுத்து மறுபடி வீங்கியது. சுத்தக்காரி தங்கையிடம் எதையும் மறைக்கவில்லை; நானும் கூட இருந்தேன்.

"நான்தான்டி கெடுத்தேன். பார்க்க நல்லா இருந்ததையே எடுத்துட்டேன்."

தங்கைக்குக் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "வேணும்னா செஞ்சே? அழாதேக்கா."

அந்த வாரமே தங்கை போய்விட்டாள்.

சுத்தக்காரி வேலைக்குத் திரும்பி, இலையை நறுக்கி முதலிலிருந்து தொடங்கினாள். பழுப்பு உருண்டைகளைத் தேடித் தேடி எடுத்தாள். மறு வருஷம் என் கருவியில் கோடு நெட்டுக்குத்தாக எழுந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இது இப்போ யாருக்குப் போகும்?" என்று கேட்டாள்.

"தெரியலடி. வரிசைல அடுத்து யாரோ."

"அவங்களுக்கு அக்கா யாராவது இருக்காங்களா?"

கேட்டுவிட்டு அவள் அடுத்த ஜாடியைத் திறந்தாள். முகக்கவசம் நனைய நனைய அழுதுகொண்டே துண்டுகளை எடுத்து வைத்தாள்.