முன் சீட்டில் பூ மூட்டை

எங்கள் பக்கத்துத் தோட்டத்து உடையப்பன் மாமா கார் வாங்கிய கதையைச் சாணார்பட்டி டீக்கடையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அதில் பாதி புளுகு. நடந்ததை நான் சொல்கிறேன். பின் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவன் நான்.

மாமாவுக்கு இருந்தது ரெண்டு ஏக்கர் மல்லிகையும் ஒரு தென்னந்தோப்பும். ரோடு போடுவதற்குத் தோப்பை எடுத்துக்கொண்டு சர்க்காரில் பணம் கொடுத்தார்கள். வேறு யாராவது என்றால் வீடு கட்டியிருப்பார்கள். இவர் மதுரைக்குப் போய், வாயில் நுழையாத பேரில் ஒரு வெளிநாட்டு சொகுசுக் காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே பார்த்தால் கொழுக்கட்டை மாதிரி குட்டையாக இருக்கும். உள்ளே கூரையில் ஜன்னல், கதவோரம் கலர் லைட்டு, முன் சீட்டு ரெண்டுக்கும் அடியிலிருந்தே குளிர்காற்று. அந்த வண்டியைக் கட்டைப் பஞ்சாயத்துக்காரர்கூட எட்டி நின்றுதான் பார்த்தார்.

கார் வாங்கியதற்கு மாமா சொன்ன காரணம் அவர் மனைவி ராமுத்தாய் அக்காவின் முழங்கால் வலி. "இனிமே நீ பஸ் படி ஏற வேணாம். மகராசியா முன் சீட்டுல உக்காந்து வா" என்று எங்கள் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

அக்காவுக்கு முழங்காலை விடப் பெரிய வலி ஒன்று உண்டு. அவர் அண்ணன் வீடு ஒட்டன்சத்திரத்தில். எந்த விசேஷத்துக்குப் போனாலும் ரெண்டு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து, கடைசி ஆளாகத்தான் போய் இறங்குவார். அண்ணன் மனைவி நாகஜோதி வாசலிலேயே நிறுத்தி, எல்லார் காதிலும் விழும்படி, "வா ராமு, பஸ்ஸு கெடச்சுதா?" என்பார். இருபத்தெட்டு வருஷமாக இதே கேள்வி. அந்த வாசலில், அந்த மதினி கண் முன்னால், காரின் முன் சீட்டிலிருந்து இறங்க வேண்டும். அக்கா ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான்.

ஆனால் கார் வந்த மூணாம் நாள் மாமாவுக்கு ஞானோதயம் ஆகிவிட்டது. மல்லிகை மொட்டாகச் சந்தைக்குப் போனால்தான் மதிப்பு. வழியில் விரிந்துவிட்டால் யாரும் சீண்ட மாட்டார்கள். முன் சீட்டில் ஒரு மூட்டையை வைத்து, அடியில் குளிர்காற்றைத் திறந்துவிட்டுப் பார்த்தார். திண்டுக்கல் பூச்சந்தை வரைக்கும் ஒரு மொட்டு வாய் திறக்கவில்லை. அன்றோடு முன் சீட்டு மூட்டைக்குப் பட்டா ஆகிவிட்டது.

மூட்டையின் கனத்தைப் பார்த்து ஆள் என்று நினைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்லி வண்டி டிங் டிங் என்று கத்தியது. மாமா மூட்டைக்குப் பெல்ட் போட்டார். தினமும் போட்டார். எங்கேயும் இறுக்காமல், பதமாக, குழந்தைக்குப் போடுவது மாதிரி போட்டுவிட்டு ஒரு தட்டும் தட்டுவார். வண்டிக்குள் அடிக்கும் குளிருக்கு சித்திரை வெயிலிலும் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு ஓட்டினார். அக்காவுக்குப் பின் சீட்டு.

"ஏங்க, பூவுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா?"

"நீ விரிஞ்சுற மாட்டியே ராமு."

இதைச் சொன்னதற்கு மாமாவுக்கு ரெண்டு நாள் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாத சோறுதான் கிடைத்தது. நான் அக்கா பக்கம்தான்.

இந்த நேரத்தில் நாகஜோதி மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாமாவைப் போனில் கூப்பிட்டு, "ஏனுங்க, பொண்ணுக்கும் வாசல்ல வர்ற பொம்பளைகளுக்கும் பூ உங்க தோட்டத்துப் பூவுதானுங்க. மொட்டா வந்து சேரோணும்" என்று சொல்லிவிட்டார். பிடித்தது சனி. கல்யாணத்தன்று விடியக்காலமே கிளம்பினோம். சந்தையில் ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அங்கேயே சரமாகக் கட்டி வாங்கிக்கொண்டோம். அந்தச் சரம் மூட்டையாகி முன் சீட்டில் ஏறியது. பெல்ட்டும் போட்டாயிற்று.

பட்டுச்சேலையோடு நின்ற அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமா கெஞ்சினார். "ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி செத்த நேரம் நிறுத்தி எடம் மாத்திக்கலாம். சத்தியமா."

சத்தியம் எல்லாம் சரிதான். ஒட்டன்சத்திரம் நுழைவில் காய்கறி லாரிகள் ரெண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றன. முன்னால் முருங்கைக்காய், பின்னால் தக்காளி. காரை ஒதுக்க ஒரு முழ இடம் இல்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஆரன் அடித்தே எங்களை மண்டப வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

வாசலில் நாகஜோதி பன்னீர்ச் செம்போடு நின்றார். காரைப் பார்த்ததும் மேளக்காரர்களுக்கு யாரோ கை காட்ட, அவர்கள் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று வெளுத்து வாங்கினார்கள். முன் கதவுக் கண்ணாடி கறுப்பாக இருந்ததால் உள்ளே யார் என்று தெரியவில்லை. நாகஜோதி வாயெல்லாம் பல்லாக முன் கதவைத் திறந்து, குனிந்து, பன்னீரைத் தெளித்துவிட்டார்.

பெல்ட் போட்ட மூட்டை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

மேளம் நின்றது. சிரிப்பு தொடங்கியது. நாகஜோதி பின் சீட்டை எட்டிப் பார்த்து, "அட, ராமு பின்னாடியா வந்தே?" என்றார். இது பஸ் கேள்வியை விட மோசம். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மாமா குரங்குக் குல்லாவைக் கழற்றினார். வண்டியைச் சுற்றி வந்து மூட்டையின் பெல்ட்டை அவிழ்த்து, அதைத் தூக்கி நாகஜோதி கையில் கொடுத்தார்.

"பூ வந்துருச்சு. என் சம்சாரம் இன்னும் வரலை. கூட்டிட்டு வாரேன்."

அக்காவைக் கைபிடித்து இறக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். வண்டி கத்தியது. தினம் மூட்டைக்குப் போட்ட அதே பதத்தில் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் ஊர் பார்க்க மாமா, அக்கா பக்கத்தில் அவ்வளவு குனிந்தது அன்றைக்குத்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தட்ட மறந்துட்டீங்க" என்றார். மாமா தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

காரைத் திருப்பிக் கடைவீதி ஒன்றைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்தோம். சொல்லாமலே மேளம் முழங்கியது. மண்டபமே வாசலுக்கு வந்து நின்றது. முன் கதவு திறந்தது. அக்கா ஒரு காலை ஊன்றி, மறு காலை ஊன்றி, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கினார்.

நாகஜோதிக்குப் பழக்கதோஷம். பன்னீரைத் தெளித்துக்கொண்டே, "வா ராமு, பஸ்ஸு..." என்று தொடங்கிவிட்டு விழித்தார்.

"கெடச்சுது மதினி" என்றார் அக்கா. "சீட்டுத்தான் லேட்டா கெடச்சுது."