சேற்று வயலும் தார்த் தரையும்

பிள்ளைகளே, வீரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று கேட்டீர்கள். கீழ்வீட்டு அண்ணைதான் காரணம்.

பிராங்பேர்ட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே, சுப்பர்மார்க்கெட்டின் வாகனத் தரிப்பிடத்து ஓரத்தைக் கிண்டியபோது உலகப்போர்க் காலத்துக் குண்டொன்று அகப்பட்டது. எல்லோரும் வெளியேற வேண்டும் என்று பொலிஸ் சொல்லிவிட்டுப் போனது. நாங்கள் இறங்கும்போது அண்ணையின் கதவு திறந்து கிடந்தது. அவர் யன்னலோரக் கதிரையில் காலுக்குமேல் கால் போட்டு இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், பாஸ்போர்ட் பையை மடியில் வைத்தபடி. அவரை விட்டு அக்கா வரமாட்டார். அந்த மனிதரின் வாய்ப்பேச்சுக்கு அக்காவின் உயிரும் சேர்ந்து போகப் பார்த்தது.

"இந்தப் பழைய இரும்புக்கோ ஓடுறியள்? வயலுக்கை எனக்குப் பக்கத்திலை ஷெல் விழுந்தது. ஒரு கீறல் இல்லை."

ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேட்ட கதை. அது ஊரில், சண்டைக் காலத்து மாரி வயல். சேறு ஷெல்லை உள்ளே விழுங்கி, வெடித்த வேகத்தில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொண்டது. தார் ரோட்டில் விழுந்ததையும் நான் பார்த்தவன். வழவழப்பான இறுகிய தரையில் மோதிய வெடிப்புக் காற்று திரும்பி எழும்பி, பின்னால் வரும் காற்றோடு சேர்ந்து இன்னும் பலமாகி ஓடும். உழுத மண், புல், பற்றை என்றால் உரசி உரசிக் களைத்துப்போகும். குண்டுக்கும் எங்கள் வாசலுக்கும் இடையில் வெறும் தார்.

"அண்ணை, அண்டைக்கு உங்களைக் காப்பாத்தினது சேறு. இஞ்சை எங்கை சேறு?"

"நீ எனக்குப் படிப்பிக்கிறியோ?"

அது வீரமில்லை. முதலில் எழும்பப் பஞ்சி, வெறும் சோம்பல்; பிறகு, சொன்னதை மாற்ற வெட்கம்.

அக்கா எழுந்தார். "சேத்துக்கை முகங்குப்புறக் கிடந்த உங்களைக் காலிலை பிடிச்சு இழுத்தது நான். இண்டைக்கு இழுக்க ஏலாது. நான் போறன்."

அக்கா படி இறங்கும்வரை வீரர் அசையவில்லை. பிறகு சப்பாத்தை இடம்வலம் மாறிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

குண்டைச் செயலிழக்கச் செய்ய முடியாமல், மேலே மணல் குவித்து வெடிக்க வைத்தார்கள். பின்னேரம் திரும்பிவந்தோம். அதே தூரத்தில், காய்கறித் தோட்டங்களுக்கு அப்பால் இருந்த வீடுகளின் யன்னல்கள் அப்படியே இருந்தன. எங்கள் பக்கம் நொறுங்கிக் கிடந்தது. அண்ணையின் கதிரை முழுக்கக் கண்ணாடி.

பார்க்க வந்தவர்களிடம் அவர் சொன்னார்: "தார்த் தரையின்ரை குணம் எனக்குத் தெரியும். அதுதான் மனிசியை இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டனான்."

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கூட்டத் தும்புத்தடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்துவிட்டார்.